தூதுவளை நல்லதுதான்... ஆனால் ‘பக்க விளைவே கிடையாது’ என்று யார் சொன்னது?

ஐப்பசி மழை இறங்கினால் போதும், வீட்டுக்கு வீடு ‘லொக்கு லொக்கு’தான். தாத்தா திண்ணையில் இருமுவார், பேரன் பாயில் இருமுவான், நடுவில் இல்லத்தரசி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படியில் இருமுவாள். எருமப்பட்டி மாதிரி ஊர்களில் இதற்கு வைத்தியம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. வேலியில் தூதுவளை படர்ந்திருக்கும். தரிசில் கண்டங்கத்திரி முள்ளும் மஞ்சள் காயுமாகக் கிடக்கும். வரப்போரம் ஆடாதோடை நிற்கும். அண்ணாந்து பார்த்தால் கொல்லிமலை. அந்த மலை மிளகுக்கும் மூலிகைக்கும் பேர் போனது. 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிறவர்கள் திரும்பும்போது ஒரு பொட்டலம் மிளகு வாங்காமல் வருவதில்லை.

இடையில் கொஞ்ச காலம் நாம் இதையெல்லாம் மறந்துவிட்டு, இருமினால் மருந்துக்கடை, மருந்துக்கடை என்றால் சிரப் பாட்டில் என்று பழகிவிட்டோம். 2025 அக்டோபரில் வந்த செய்தி எல்லோரையும் உலுக்கிவிட்டது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் சிரப் குடித்த இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சுக் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார்கள். அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். சோதித்துப் பார்த்தபோது டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுக் கரைப்பான் 48.6 சதவிகிதம் இருந்தது. 0.1 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாத சமாச்சாரம் இது! 2022-ல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் சுமார் 70 குழந்தைகள் பலியானதும் இதே வகை நச்சால்தான். அங்கே போனதும் இந்தியாவில் தயாரான சிரப்தான்.

அதற்குப் பிறகு பேச்சு மாறிவிட்டது. “சிரப்பே வேண்டாங்க, கஷாயமே போதும். மூலிகைதானே, பக்க விளைவு கிடையாது பாருங்க!” என்கிறார்கள். அந்தப் பேச்சில் முதல் பாதி எனக்குச் சம்மதம். இரண்டாவது பாதிதான் சம்மதமில்லை. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

சீயக்காய் நுரையும் கஷாய நுரையும்

வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது சீயக்காய்ப் பொடியைக் கரைத்தால் நுரைக்கிறதே, அது எதனால்? பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கினால் சோப்பு மாதிரி நுரை வருகிறதே, அது எதனால்? இரண்டுக்கும் காரணம் சபோனின் என்ற ஒரு பொருள். லத்தீன் மொழியில் சோப்புக்கு ‘சாபோ’ என்று பெயர். அதிலிருந்து வந்ததுதான் இந்தப் பெயரும். செடிகள் பூச்சியிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள இதைத் தயாரித்து வைத்துக்கொள்கின்றன.

நாம் இருமலுக்குத் தேடுகிற பல மூலிகைகளிலும் இந்த சபோனின் குடும்பம் இருக்கிறது. தூதுவளையில் இருக்கிறது, கண்டங்கத்திரியில் இருக்கிறது, சுண்டைக்காயில் இருக்கிறது. அதிமதுரத்துக்கு அந்த இனிப்பைக் கொடுக்கிற கிளிசிரைசின் என்பதும் ஒரு சபோனின்தான். வெளிநாட்டிலும் இதே கதைதான். ஐரோப்பாவில் சுவர்களில் படரும் ஐவி என்ற கொடியின் இலைச் சாற்றில் இருமல் சிரப் செய்கிறார்கள். அதன் சரக்கும் சபோனின்தான். அந்த ஐவி சிரப் இப்போது நம் ஊர் மருந்துக்கடைகளுக்கும் வந்துவிட்டது. ஆக, ஒன்றையொன்று பார்த்தே இராத ஊர்க்காரர்கள் தனித்தனியாக ஒரே வகைச் செடியிடம்தான் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். இதைக் கிராமத்து நம்பிக்கை என்று சிரித்து ஒதுக்க முடியுமா?

(ஆடாதோடை மட்டும் வேறு ரகம். அதில் வேலை செய்வது வாசிசின் என்ற ஆல்கலாய்டு. அதைப் பார்த்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தையே உண்டாக்கினார்கள். இன்று டாக்டர் எழுதித் தருகிற ஆம்ப்ராக்சால் அந்தப் புரோம்ஹெக்சினின் வாரிசு. நம் வரப்போரச் செடிக்கு எவ்வளவு பெரிய வம்சாவளி பாருங்கள்!)

வயிற்றில் தட்டினால் நெஞ்சில் கேட்கும்

“ஓகோ, சோப்பு மாதிரி நுரைப்பதால் நெஞ்சுச் சளியைக் கழுவிவிடுமாக்கும்!” என்று நினைத்துவிடாதீர்கள். குடிக்கிற கஷாயம் போவது வயிற்றுக்கு. நுரையீரலுக்குப் போகாது. போனால் ஆபத்து!

மருந்தியல் சொல்லும் விளக்கம் வேறு. சபோனின் வயிற்றின் உட்சவ்வை இலேசாக உறுத்துகிறது. அந்தச் சேதி நரம்பு வழியாக மேலே போய், மூச்சுக்குழாயில் இருக்கும் சுரப்பிகளுக்குத் திரும்பி வருகிறது. அவை தண்ணீர்ப் பதமாகச் சுரக்கின்றன. ஒட்டிக்கொண்டிருந்த கெட்டிச் சளி இளகி, இரண்டு இருமலில் வெளியே வந்துவிடுகிறது. வாந்தி வருவதற்கு முன்னால் வாயில் நீர் ஊறுகிறதே, அந்த வகையைச் சேர்ந்த வேலைதான் இது.

இங்கேதான் நுட்பமான விஷயம் இருக்கிறது. அளவு கொஞ்சமாக இருந்தால் சளி இளகும். அளவு கூடினால்? வாந்திதான், வயிற்றுப்போக்குதான். மருக்காரைக் காயைப் பழைய வைத்தியர்கள் வாந்தி எடுக்க வைப்பதற்குக் கொடுத்தார்கள். அதிலும் சபோனின்தான். அதே காயை இடித்துக் குட்டையில் கலக்கினால் மீன் மயங்கி மிதக்கும். சபோனின் நேரே இரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்களை உடைத்துவிடும். நல்ல வேளையாக, வாய் வழியாகச் சாப்பிடும்போது அது குடலில் அவ்வளவாக உறிஞ்சப்படுவதில்லை. அதனால்தான் நாம் சுண்டைக்காய் வற்றல் குழம்பை நிம்மதியாகச் சாப்பிட முடிகிறது.

வேலை செய்கிற எந்தப் பொருளுக்கும் இந்த இரண்டு முகமும் உண்டு. ‘பலன் உண்டு, ஆனால் எந்த வேண்டாத விளைவும் இல்லை’ என்று ஒருவர் சொன்னால், ஒன்று அது வேலை செய்யாத பொருளாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சொல்கிறவர் விற்பனைக்காரராக இருக்க வேண்டும்.

சோதித்துப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்?

1999-ல் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் சிலர் கண்டங்கத்திரிப் பொடியையும் தூதுவளைப் பொடியையும் 300 மில்லிகிராம் அளவில் ஆஸ்துமா நோயாளிகளுக்குக் கொடுத்து, மூச்சின் வேகத்தை அளந்து பார்த்தார்கள். மூச்சுத்திறன் கூடியது உண்மை. ஆனால் சால்பியூட்டமால், டெரிஃபில்லின் மாத்திரைகள் கொடுத்த அளவுக்குக் கூடவில்லை. ஐவி இலைச் சாற்றைப் பற்றி மேல்நாட்டில் நடந்த ஆய்வுகளிலும் பலன் உண்டு, ஆனால் சுமார் ரகம் என்றுதான் தெரிகிறது.

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. சாதாரண ஜலதோஷ இருமல் எதைச் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். அந்த நாட்களைக் கொஞ்சம் சுகமாகக் கடத்த ஒரு துணை வேண்டும். அதற்குத் தூதுவளை ரசம் போதும், தாராளமாகப் போதும். ஆனால் இளைப்பு முற்றி மூச்சு முட்டுகிறவருக்குத் தூதுவளையைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது கெடுதல்.

இனிக்கிற வேரில் ஒரு எச்சரிக்கை

இப்போது இன்றைய வீடுகளில் நடக்கக்கூடிய ஒரு சங்கதி. நம் வீடுகளில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் இரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். அந்த மாத்திரைகளில் எனலாப்ரில், ராமிப்ரில் என்று ‘ப்ரில்’ என்று முடிகிற ஒரு வகை உண்டு. நல்ல மருந்துகள்தான். ஆனால் சிலருக்கு இவை தொண்டையில் அரிப்பது போல வறட்டு இருமலைக் கொடுக்கும். சளி இருக்காது, காய்ச்சல் இருக்காது. இராத்திரி பகல் இல்லாமல் இருமல் மட்டும் இருக்கும்.

அந்த வீட்டில் என்ன செய்வார்கள்? “வறட்டு இருமலுக்கு அதிமதுரம்தான் மருந்து” என்று நாட்டு மருந்துக் கடையில் வாங்கிவந்து, தினம் காலையும் மாலையும் கஷாயம் போட்டுக் கொடுப்பார்கள். மாத்திரையால் வந்த இருமல் கஷாயத்தால் எப்படிப் போகும்? போகாது. போகவில்லையே என்று இன்னும் நாலு நாள், இன்னும் ஒரு வாரம் என்று கொடுப்பார்கள்.

அதிமதுரத்தில் இருக்கும் கிளிசிரைசின் தொடர்ந்து உள்ளே போனால், சிறுநீரகம் உப்பையும் நீரையும் தேக்கிக்கொள்ளும், பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும். விளைவு? கால் வீங்கும், தசைகள் தளரும், இரத்த அழுத்தம் ஏறும். எந்தக் கொதிப்பை அடக்க மாத்திரை சாப்பிடுகிறாரோ அந்தக் கொதிப்பையே கஷாயம் ஏற்றிவிடுகிறது! நீர் பிரிவதற்கான மாத்திரையோ, இதயத்துக்கு டிகாக்சினோ சாப்பிடுகிறவராக இருந்தால் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடம் மாறலாம்.

ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் கிளிசிரைசினுக்கு மேல் தொடர்ந்து வேண்டாம் என்று ஐரோப்பிய உணவு விஞ்ஞானக் குழு 2003-ல் சொல்லியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வேரில் நூற்றுக்கு 5 பங்கு கிளிசிரைசின் என்று வைத்துக்கொண்டால், 2 கிராம் வேரிலேயே அந்த 100 மில்லிகிராம் வந்துவிடுகிறது. சில வேர்களில் இதைவிடக் கூடுதலாகவும் இருக்கும். தொண்டை கட்டினால் இரண்டு நாள் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வது வேறு. மாதக்கணக்கில் டீயில் ஒரு ஸ்பூன் கலந்து குடிப்பது வேறு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதிமதுரம் நம் பக்கத்து வயலில் விளைகிற சரக்கல்ல. ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கமிருந்து வருவது. நம் வேலியில் இனிக்கிற இலை என்றால் அது குன்றிமணிக் கொடி. அதன் இலையை மென்றவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சிவப்புக் குன்றிமணி விதை கொடிய விஷம். குழந்தைகள் கையில் அது கிடைக்கவே கூடாது.

கசப்பு ஒரு காவல்காரன்

“எங்க அம்மாயி காலத்துல இதையெல்லாம் யாருங்க அளந்து பார்த்தா? நல்லாத்தானே இருந்தாங்க?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அம்மாயி அளந்து பார்த்தார், நாம்தான் கவனிக்கவில்லை. குழந்தைக்கு உரை மருந்து என்றால் கல்லில் ஒரு உரை, இரண்டு உரை, அவ்வளவுதான். பொடியை ஸ்பூனால் அள்ளிப் போடவில்லை. பெரியவர்களுக்குக் கஷாயம் என்றால் அரை டம்ளராகச் சுண்டவைத்து மூன்று நாள். நாலாம் நாள் குடிக்கச் சொன்னால் யாரும் குடிக்கமாட்டார்கள். அவ்வளவு கசப்பு, அவ்வளவு குமட்டல்! அந்தக் கசப்பும் குமட்டலுமே வாசலில் நின்ற காவல்காரன். ‘போதும், நிறுத்து’ என்று நாக்கே சொல்லிவிடும்.

இன்று அந்தக் காவல்காரனுக்கு வேலை போய்விட்டது. தூதுவளை கேப்ஸ்யூலாக வருகிறது. கண்டங்கத்திரி சர்க்கரைப் பாகாக வருகிறது. பத்து மடங்கு செறிவாக்கிய சாறு என்று பெருமையோடு லேபிளில் போடுகிறார்கள். நாக்குக்கு ஒன்றும் தெரிவதில்லை. மூலிகை அதேதான், ஆனால் அளவும் வடிவமும் பாட்டி காலத்தது அல்ல. அதனால் பாட்டி காலத்து நம்பிக்கையை அப்படியே இந்த பாட்டிலுக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது.

மூலிகை சிரப் என்றாலும் அது சிரப்தானே? அதிலும் இனிப்பு, கரைப்பான், கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் எல்லாம் இருக்கலாம். சிந்த்வாராவில் குழந்தைகளைக் கொன்றது கரைப்பானில் கலந்திருந்த நச்சு. பச்சை இலைப் படம் போட்ட லேபிள் அந்த மாதிரி நச்சைத் தடுக்காது. சோதனைதான் தடுக்கும். ஆங்கில மருந்துக்கு எவ்வளவு கண்டிப்பான சோதனை கேட்கிறோமோ, மூலிகை மருந்துக்கும் அதே சோதனையைக் கேளுங்கள். உரிம எண், தயாரித்த தேதி, முழு முகவரி இல்லாத பாட்டிலை வாங்காதீர்கள்.

குழந்தைகள் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம்

2025 அக்டோபரில் மத்திய சுகாதார அமைச்சகம் சொன்னது இது: இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகள் கொடுக்கவே கூடாது. ஐந்து வயது வரைக்கும் பொதுவாகத் தேவையில்லை. இது கடை சிரப்புக்கு மட்டும் சொன்ன புத்திமதி என்று எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் கஷாயத்தைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். ஐவி சிரப்பையே இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று ஐரோப்பாவில் தடுத்திருக்கிறார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் வேண்டாம்.

ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு ஒரு சின்ன ஸ்பூன் தேன், படுக்கப் போகும் முன் கொடுக்கலாம். இருமல் தணிவதாக ஆய்வுகளும் சொல்கின்றன. ஒரு வயதுக்குள் மட்டும் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி பிஞ்சுக் குடலில் வளர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இருமுகிற குழந்தையின் சட்டையைத் தூக்கி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் முழுசாக மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ, தாண்டினாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, கஷாய அடுப்பை அணைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அது நிமோனியாவாக இருக்கலாம்.

கஷாயத்துக்கு அடங்காத இருமல்கள்

நாமக்கல் என்றால் முட்டை, நாமக்கல் என்றால் லாரி. கோழிப்பண்ணைத் தூசியிலும், பாடி கட்டும் பட்டறையின் புகை, பெயிண்டிலும் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு வருகிற இருமலுக்குத் தூதுவளை என்ன செய்யும்? காலையில் குடித்த கஷாயத்தைச் சாயங்காலத் தூசி தோற்கடித்துவிடும். அவர்களுக்கு முதல் மருந்து முகமூடியும் காற்றோட்டமும்தான்.

இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடைக் குறைவு, சளியில் இரத்தம், இவற்றில் எது இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். அரசு சுகாதார நிலையத்தில் காசநோய்க்குப் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். ‘இன்னும் ஒரு மண்டலம் லேகியம் சாப்பிட்டுப் பார்ப்போம்’ என்று தள்ளிப்போடுகிற ஒவ்வொரு வாரமும் வீட்டிலிருக்கும் மற்றவர்களுக்கும் அந்தக் கிருமி பரவ இடம் கொடுக்கிறோம்.

அப்போ என்னதான் செய்யலாம்?

சளியோடு சாதாரண இருமலா? பெரியவர்கள் தூதுவளை ரசம் வையுங்கள், துவையல் அரையுங்கள். இலையில் இருக்கும் முள்ளை மறக்காமல் எடுத்துவிட்டு நெய்யில் வதக்குங்கள். மிளகு சேருங்கள். சாப்பாடாகச் சாப்பிடுகிற வரைக்கும் அளவு தானாகவே கட்டுக்குள் இருக்கும். கஷாயம் என்றால் மூன்று நாள், மிஞ்சினால் ஒரு வாரம். குமட்டினால் அன்றோடு நிறுத்துங்கள். சர்க்கரை வியாதிக்காரர்களே, பனங்கற்கண்டும் சர்க்கரைதான், ஏமாறாதீர்கள். கர்ப்பிணிகள் ஆடாதோடைப் பக்கமே போக வேண்டாம், அது கருப்பையைச் சுருங்கச் செய்யும். மற்ற கஷாயங்களையும் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

சந்தேகம் வந்தால் பக்கத்து வீட்டு யோசனை வேண்டாம். அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. படித்த சித்த டாக்டர் அங்கே இருக்கிறார். அவரிடம் நீங்கள் சாப்பிடுகிற ஆங்கில மாத்திரைகளைக் காட்டுங்கள். ஆங்கில டாக்டரிடம் போனால் குடிக்கிற கஷாயத்தைச் சொல்லுங்கள். “திட்டுவாரோ” என்று மறைக்காதீர்கள். இரண்டு பேருக்கும் உங்கள் வயிறு ஒன்றுதான்.

இதைப் படித்து முடித்த கையோடு ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் பெரியவர்கள் சாப்பிடுகிற மாத்திரை அட்டையை எடுத்து, பெயர் ‘ப்ரில்’ என்று முடிகிறதா பாருங்கள். முடிந்து, அவருக்கு நாள்பட்ட வறட்டு இருமலும் இருந்தால், மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் கேட்டால் அதற்கு மாற்று மாத்திரை எழுதித் தருவார். அதுவரை அந்த அதிமதுர டப்பாவை அலமாரியின் மேல் தட்டில் எடுத்து வையுங்கள்.